கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் எதைப் படிப்பது?

(ஆலயப் பொன்விழா ஆண்டில், மே மாத ஞாயிறு ஒன்றில், பிளஸ் டூ தேறிய மாணவ மாணவியர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் பங்கு மண்டபத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



திருப்பலி முடிந்து பசியோடிருக்கும் வேளையில் உங்களை மண்டபத்தில் பிடித்து வைத்திருக்கிறோம். பொறுத்துக்கொள்ளுங்கள். மாதர் சங்கத்தார் அடுப்பை மூட்டிவிட்டனர், வடை வந்துவிடும். மீண்டும் ஒரு பிரசங்கமா என்று அஞ்சவும் வேண்டாம். பிரசங்கம் காலையிலேயே முடிந்தது. இப்போது பேசப் போவது கல்லூரியில் எந்தப் பாடத்தில் சேருவது, சேர்ந்த பின் முதலாண்டில் எவற்றைத் தேர்ந்துகொள்வது என்பதைப் பற்றி மட்டுமே.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு மேலே செல்வோம். குற்றம் நம்முடையது. சில ஆண்டுகளுக்கு முன் இதே மே மாதத்தில், நம் பங்கைச் சேர்ந்த கொத்தனார் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தார். "சாமி, ஒரு லெட்டர் வேணும். கம்ப்யூட்டர் சயின்ஸ்ல எடம் கேட்டிருக்கோம். நீங்க ஒரு வார்த்தை எழுதினா குடுத்துருவாங்க" என்றார். கம்ப்யூட்டர் படித்தால்தான் பிழைப்பு என்று சென்னையிலிருக்கும் மைத்துனர் சொல்லியிருந்தாராம். பையன் கதவோரம் நின்றான். நாம் அவனை ஏறிட்டுப் பார்த்து, "நன்றாகப் படிக்க வேண்டும், என்ன?" என்றோம். தலையை ஆட்டினான். அவ்வளவே. கடிதம் எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தோம். சுயநிதிப் பிரிவில் இடமும் கிடைத்தது. நம் கடிதத்திற்கு இத்தனை மதிப்பா என்று உள்ளூரச் சற்றுப் பெருமையும் கொண்டோம்.

கிறிஸ்மஸ் வருமுன்னே பையன் கல்லூரியை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டான். பனியன் கம்பெனியில் வேலை. முதற்பருவத் தேர்வில் இரண்டு தாள் எழுதியதோடு நிறுத்திக்கொண்டானாம். கட்டணத்திற்காக அடகு வைத்த தாயாரின் சங்கிலி அடகிலேயே கிடந்தது. மறு ஆண்டு திருவிழாவிற்கு ஊர் வந்தவனைத் தேர் நிற்கும் இடத்தில் பிடித்து, என்னடா ஆயிற்று என்று கேட்டோம். "பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம் சாமி. அங்க போர்டுல எழுதுறது ஒண்ணும் ஓடல. அலைடு மேத்ஸ் வேற. எனக்குப் புடிச்சது வரலாறு" என்றான். இதை அன்றே ஏன் சொல்லவில்லை என்றோம். "நீங்க கேக்கலையே சாமி" என்றான்.

அவன் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ராட்டினத்தின் பக்கம் போய்விட்டான். நமக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை. அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததே இந்தக் கூட்டம்.

இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்களில் சிலர் புகுமுக வகுப்பு படித்தவர்கள். அக்காலத்தில் பள்ளியிறுதி முடித்தவன் கல்லூரியிலேயே ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்து, பேராசிரியர்களைப் பார்த்து, நூலகத்தைப் பார்த்து, பிறகு பட்டப்படிப்பிற்கான பாடத்தைத் தேர்ந்தான். 1978இல் நம் மாநிலத்தில் பிளஸ் டூ வந்தபின் அந்த அவகாசம் போயிற்று. இப்போது பதினைந்து வயதுப் பிள்ளை பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு 'குரூப்' எடுக்கிறது. அந்தக் குரூப்பே பிறகு கல்லூரியையும் தீர்மானிக்கிறது. மேற்சொன்ன பையனும் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றதால் முதல் குரூப்பில் தள்ளப்பட்டவன்தான். கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறினான். அறிவியல் குரூப் படித்தவர் வரலாறோ, பொருளியலோ, தமிழோ எடுப்பதற்குப் பெரும்பாலும் தடையில்லை என்பதை அவன் வீட்டாருக்கு யாரும் சொல்லவில்லை. தெரிந்த நாமும் சொல்லவில்லை.

நிற்க. இப்போது கலை அறிவியல் கல்லூரிப் படிப்பு எப்படி அமைந்திருக்கிறது என்று பார்ப்போம். மூன்றாண்டு, ஆறு பருவம். 2008-09 முதல் நம் பல்கலைக்கழகங்களில் விருப்பத் தேர்வு மதிப்பலகு முறை நடக்கிறது. அதாவது, ஒவ்வொரு தாளுக்கும் இத்தனை கிரெடிட் என்று வைத்து, மூன்றாண்டில் பெரும்பாலும் 140 கிரெடிட் சேர்த்தால் பட்டம். பாடங்களை ஐந்து பகுதிகளாக வைத்திருக்கிறார்கள். பகுதி ஒன்று மொழி, இரண்டு ஆங்கிலம், மூன்று முதன்மைப் பாடமும் அதற்குத் துணையான அலைடு பாடமும். நான்கில் பிற துறை விருப்பப்பாடம், சுற்றுச்சூழல், திறன் வளர்ப்பு முதலியன வரும். ஐந்து என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு போன்றவை. பிள்ளை 'பி.எஸ்ஸி. இயற்பியல்' சேர்ந்தான் என்றால் இயற்பியல் மட்டும் படிக்கிறான் என்று எண்ணிவிடாதீர்கள். முதலாண்டில் இயற்பியலைவிட மற்றவையே நேரத்தை அதிகம் விழுங்கும்.

ஆகையால் சேருமுன் அந்தத் துறையின் முதலாண்டுப் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். கல்லூரியில் கேட்டால் தருவார்கள். பல கல்லூரிகள் இணையத்திலும் போட்டிருக்கின்றன. பெயரைப் பார்த்து ஏமாறுவோர் பலர். சென்ற ஆண்டு ஒரு தாய், "புள்ள நல்லா இங்கிலீஷ் பேசட்டும் சாமி" என்று பி.ஏ. ஆங்கிலத்தில் சேர்க்கக் கேட்டார். அங்கே பேச்சுப் பயிற்சி மிகக் கொஞ்சம். நடப்பது இலக்கியம். சாசரிலிருந்து தொடங்கி, ஷேக்ஸ்பியரைப் படித்து, கவிதைக்கும் நாடகத்திற்கும் விளக்கம் எழுத வேண்டும். கதை படிப்பதில் ருசியுள்ள பெண்ணுக்கு அது விருந்து. ருசியில்லாதவளுக்கு மூன்றாண்டுத் தவக்காலம். அப்படியே உளவியல் என்றால் மனத்தைப் பற்றிப் பேசுவது மட்டும் என்று எண்ணிப் போகிறார்கள். அங்கே புள்ளியியல் காத்திருக்கும். வணிகவியலில் கணக்குப்பதிவியல் முதல் நாளே தொடங்கிவிடும். பிளஸ் டூவில் அதைப் படித்து வந்தவர்களோடு படிக்காத பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும்.

புள்ளியியல் என்றதும் நம் கதை நினைவுக்கு வருகிறது. குருமடத்திலிருந்து நம்மைப் பட்டப்படிப்பிற்கு அனுப்பிய நாளில் பாடத்தை மேலிடமே சொல்லிற்று. நமக்கு வாய்த்தது பொருளியல். பத்தாம் வகுப்போடு கணக்குக்கு விடை கொடுத்துவிட்ட நமக்கு அலைடாகப் புள்ளியியல் வந்தது. திட்ட விலக்கம், உடன்தொடர்பு என்று கரும்பலகை நிறைய எண்கள். இருமுறை தவறினோம். கீழ்ப்படிதல் என்ற புண்ணியத்தை நமக்குக் கற்பித்தது தத்துவ வகுப்பல்ல, அந்தத் தாள்தான். விடுதியில் இருந்த நண்பர் ஒருவர் இரவு தோறும் சொல்லிக்கொடுத்ததால் மூன்றாம் முறை கரையேறினோம். தேர்ந்துகொண்டது நாமாக இருந்திருந்தால் இரண்டாம் முறையோடு ஓடியிருப்போமோ என்னவோ. எப்படியாயினும், அலைடு என்பது ஒப்புக்கு வைத்த பாடமன்று என்பது அன்று தெரிந்தது. மதிப்பெண் பட்டியலில் அதுவும் பகுதி மூன்றில் முதன்மைப் பாடத்தோடு சேர்ந்தே நிற்கும்.

சில துறைகளில் அலைடு பாடத்தைத் தேர்ந்துகொள்ள இடமுண்டு. வேதியியல் எடுத்த பிள்ளைக்கு இயற்பியலோடு கணிதமா, அல்லது தாவரவியல், விலங்கியலா என்ற கேள்வி வரும். கணக்கு பயம் என்று உயிரியல் பக்கம் போவது எளிது. ஆனால் உயர்கல்வி நிறுவனங்கள் சிலவற்றில் முதுகலை வேதியியலில் சேர, பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். பிளஸ் டூவிலும் கணக்கில்லை, அலைடிலும் கணக்கில்லை என்றால் மூன்றாண்டு கழித்து அந்தக் கதவு சாத்தியிருக்கும். எல்லாரும் கணிதமே எடுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. எந்தக் கதவைச் சாத்துகிறோம் என்று தெரிந்து சாத்துங்கள் என்கிறோம்.

இனி பகுதி ஒன்று. இதில்தான் நமக்கு ஆதங்கம் அதிகம். ஆங்கில வழிப் பள்ளியில் படித்த பிள்ளைகள் பலர் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுக்கிறார்கள். பிரெஞ்சு இனிய மொழி. நம் நாட்டுக்கு வந்த மறைபணியாளர் பலருடைய தாய்மொழி. அதில் பற்றுக்கொண்டு எடுப்பவரை வாழ்த்துவோம். ஆனால் 'தமிழில் மார்க் வராது' என்று மட்டும் சொல்லி எடுப்பவர் ஒன்றை நினைக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாளைக் கட்டாயமாக்கி 2021 டிசம்பரில் அரசாணை வந்தது. அதில் 40 விழுக்காடு பெறாதவரின் மற்றத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். நம் பங்கு இளைஞர் ஒருவர் பட்டம் பெற்று, பொது அறிவையெல்லாம் கரைத்துக் குடித்து, தமிழ்த் தாளில் தடுக்கி விழுந்தார். கேட்பது பத்தாம் வகுப்புத் தரம்தான். ஆனால் அவர் தமிழ் எழுதி ஐந்தாண்டு ஆகியிருந்தது. இப்போது நம் மறைக்கல்வி ஆசிரியர் ஒருவரிடம் மாலையில் இலக்கணம் படிக்கிறார். அவர் இங்கேதான் இருக்கிறார், சிரிக்கிறார், பெயரைச் சொல்ல மாட்டோம்.

பள்ளியில் தமிழே படியாமல் வெளி மாநிலத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் இங்கு உண்டு. பகுதி ஒன்றில் வேறு மொழி எடுத்தால், பகுதி நான்கில் அவர்களுக்கு அடிப்படைத் தமிழ் வைத்திருக்கிறார்கள். அதைச் சுமை என்று எண்ணாதீர்கள். சந்தையில் பேரம் பேசவாவது உதவும்.

பயிற்று மொழி பற்றி இரண்டு தரப்பாரும் நம்மிடம் கோபிக்கிறார்கள். அரசுக் கல்லூரிகள் பலவற்றில் ஒரே பாடம் தமிழ் வழியிலும் ஆங்கில வழியிலும் உண்டு. தமிழ் வழியில் படித்தோர்க்கு மாநில அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் செய்த திருத்தத்தின்படி பட்டத்தைத் தமிழ் வழியில் பெற்றால் மட்டும் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ் வழியாயிருக்க வேண்டும். ஆகவே ஆங்கில வழிப் பள்ளியில் படித்த பிள்ளையை இந்தச் சலுகைக்காகக் கல்லூரியில் தமிழ் வழியில் சேர்ப்பதில் பயனில்லை. மாறாக, முதல் வகுப்பு முதல் தமிழ் வழியில் வந்த பிள்ளையை கௌரவத்திற்காக ஆங்கில வழியில் தள்ளினால், கையிலிருக்கும் உரிமையை நாமே கிழித்துப் போடுகிறோம். பெரிய நிறுவனத்திலோ வெளி மாநிலத்திலோ வேலைக்குப் போக விரும்பும் பிள்ளைக்கு ஆங்கில வழி உதவும் என்பதை மறுக்கவில்லை. அப்படிச் சேர்ப்பவர்கள் முதல் ஆறு மாதம் பிள்ளையிடம் மதிப்பெண் கேட்காதீர்கள்; வகுப்பு விளங்குகிறதா என்று கேளுங்கள். விளங்கவில்லை என்று பிள்ளை சொன்னால், "எல்லாம் போகப் போகச் சரியாகும்" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். கொத்தனார் வீட்டில் அப்படித்தான் சொன்னார்களாம்.

ஆசிரியராக விரும்பும் பெண்பிள்ளைகள் நம் பங்கில் எப்போதும் மிகுதி. நம் கன்னியர் நடத்தும் பள்ளிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா? அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பி.எட். சேர, பள்ளியில் நடத்தும் பாடத்தில் பட்டம் வேண்டும். இப்போது கல்லூரிகள் கவர்ச்சியான புதுப் பெயர்களில் பட்டப்படிப்புகள் வைக்கின்றன. பெயரில் 'அப்ளைடு' என்றோ வேறு ஒட்டோ இருக்கும். அந்தப் பட்டம் வழக்கமான பட்டத்திற்கு இணையானது என்று அரசாணை இருந்தால்தான் அரசுப் பணிக்கு ஏற்பார்கள். இணையல்ல என்றே அரசாணை வந்த பட்டங்களும் உண்டு. சேர்க்கை நாளன்று, "இதற்கு இணைத்தன்மை அரசாணை உண்டா?" என்று கேளுங்கள். கேட்டால் கோபிப்பார்களோ என்று தயங்க வேண்டாம். நம்மிடம் வாடகைக்குப் பாத்திரம் எடுப்பவரே ஓட்டை இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துத்தான் எடுக்கிறார்.

பகுதி நான்கின் பிற துறை விருப்பப்பாடம் சின்ன விஷயம். ஆனால் சிநேகிதி எடுத்தாள் என்று எடுக்காதீர்கள். தமிழ் இலக்கியம் படிப்பவர் கணினி அடிப்படையை எடுக்கலாம். கணிதம் படிப்பவர் இதழியலோ வரலாறோ எடுக்கலாம். மூன்றாண்டில் வேறு துறையின் வாசலை மிதிக்கக் கிடைக்கும் வாய்ப்பு அதுதான்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் வடை தரமாட்டோம். ஒரே கல்லூரி, ஒரே கட்டடம். காலை ஷிப்டில் அரசு உதவி பெறும் பிரிவு, மாலை ஷிப்டில் சுயநிதிப் பிரிவு. பட்டம் ஒன்றே, கட்டணம் வேறு. "எங்கே சேர்ந்தாய்" என்று கேட்பவர்கள் "எந்தப் பிரிவில்" என்று கேட்பதில்லை. உதவி பெறும் பிரிவில் வரலாறு கிடைக்கும்போது, கடன் வாங்கிச் சுயநிதியில் பிடிக்காத பாடத்தில் சேர்ப்பது இரட்டை நட்டம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. கல்லூரியில் விவரம் கேட்டு விண்ணப்பியுங்கள். கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் மாநில அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. 'நாம் பி.சி. ஆகிவிட்டோம், நமக்கு ஒன்றுமில்லை' என்று சாதிச் சான்றிதழைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. சேர்ந்த பின் பாடம் தவறு என்று தெரிந்தால் என்ன செய்வது? முதல் வாரங்களிலேயே சொல்ல வேண்டும். சேர்க்கை முடியுமுன், வேறு துறையில் இடம் காலியாயிருந்தால், மாற்றித் தரும் கல்லூரிகள் உண்டு. பகுதி ஒன்று மொழியையும் அப்படியே மாற்றக் கேட்கலாம். விட்டு விலகுவதானால், மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் திருப்பித் தர வேண்டும், விலகும் நாளைப் பொறுத்துக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே விதி வகுத்தது. நாள் செல்லச் செல்லத் திரும்பும் தொகை குறையும். இந்த விதி அன்று நமக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தத் தாயின் சங்கிலியில் பாதியாவது மீண்டிருக்கும். டி.சி. வாங்கக் கொத்தனார் நான்கு நாள் வேலையை விட்டு அலைந்தார்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று சிலர் கண்களால் கேட்கிறீர்கள். திருப்பூரில்தான் இருக்கிறான். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. வரலாறு சேர்ந்திருக்கிறான், தமிழ் வழியில். அதற்கு நம் கடிதம் தேவைப்படவில்லை. போன மாதம் தொலைபேசியில் அழைத்து, சோழர் உள்ளாட்சி பற்றி அரை மணி நேரம் நமக்கு வகுப்பெடுத்தான். இரவு ஷிப்ட் முடிந்து பேசியதால் நடுநடுவே கொட்டாவியும் வந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பார்க்கப் போக வேண்டுமாம். நம்மையும் வரச் சொல்லியிருக்கிறான்.

நாளை முதல் சேர்க்கை முடியும் வரை, மாலை ஆறு மணிக்கு மேல் பங்கு இல்லத்தில் இருப்போம். கல்லூரியில் படிக்கும் நம் இளையோர் நால்வரும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும் உடனிருப்பார்கள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், கல்லூரியின் பாடத்திட்டம் கிடைத்திருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். கடிதம் கேட்டு வரும் பெற்றோர் பிள்ளையையும் கூட்டி வர வேண்டும். பிள்ளையிடம் முதலில் ஒரு கேள்வி கேட்போம்: யாரும் சொல்லாமல் நீயாக எடுத்துப் படித்த பாடப்புத்தகம் எது? அதற்கு அப்பாவும் அம்மாவும் பதில் சொல்லக் கூடாது. மாமாவும் கூடாது.

வடை வந்துவிட்டது.